பாற்பற்களுக்குப் பொறுப்பு யார்?

இலங்கையின் சுகாதாரத் துறை பெருமையோடு எடுத்துக்காட்டும் புள்ளிவிபரங்கள் பல உள்ளன. சிசு மரண வீதத்திலும், தாய் மரண வீதத்திலும், தடுப்பூசி வழங்கலிலும் தென்னாசிய நாடுகள் பலவற்றிற்கு இந்நாடு முன்னுதாரணமாக விளங்கி வந்துள்ளது. ஆனால், அதே சுகாதாரத் துறை தானே திரட்டிய இன்னொரு புள்ளிவிபரம் பொதுமக்கள் மத்தியில் அதிகம் பேசப்படுவதில்லை. 2015-2016 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய வாய்ச்சுகாதார ஆய்வின்படி, நாட்டிலுள்ள ஐந்து வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 63 பேருக்குச் சூத்தைப்பல் இருந்தது. எட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் அவர்களுள் ஐவரின் வாயில் சிதைந்த பல் இருக்கும் என்பதே இதன் பொருள். அச்சூத்தைகளுள் மிகப் பெரும்பாலானவை எந்தச் சிகிச்சையும் பெறாதவை.

இந்த எண்ணிக்கையை விடவும் கவலை தருவது அதன் அசையாத தன்மையாகும். 2002-2003 ஆம் ஆண்டுகளின் ஆய்வில் ஐந்து வயதினர் மத்தியில் இது ஏறத்தாழ 65 வீதமாக இருந்தது. இரு ஆய்வுகளுக்கும் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் போர் முடிவுற்றது, வீதிகளும் பாலங்களும் அமைக்கப்பட்டன, வைத்தியசாலைகள் தரமுயர்த்தப்பட்டன. ஆயினும் குழந்தைகளின் வாயில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நிகழவில்லை. அதே காலப்பகுதியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மத்தியில் சூத்தைப்பல் உள்ளோரின் அளவு ஏறத்தாழ 40 வீதத்திலிருந்து 30 வீதமாகக் குறைந்துள்ளது. ஒரே நாடு, ஒரே உணவு, ஒரே இலவச சுகாதார சேவை. பன்னிரண்டு வயதில் காணப்படும் முன்னேற்றம் ஐந்து வயதில் ஏன் காணப்படவில்லை?

இவ்வினாவுக்கான விடையின் பெரும்பகுதி எமது பற்சிகிச்சைச் சேவை அமைந்த விதத்திலேயே இருக்கின்றது. பாடசாலைகளுக்கெனத் தனியான பற்சிகிச்சைத் தாதியரைப் பயிற்றுவிக்கும் முறையை 1921 ஆம் ஆண்டு நியூசிலாந்து தொடக்கி வைத்தது. அம்முறையைப் பின்பற்றி 1950களில் இலங்கையிலும் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை உருவாக்கப்பட்டது. மகரகமையில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் நாடெங்கும் அனுப்பப்பட்டனர். பல்வைத்தியர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்த காலத்தில், குறைந்த செலவில் பிள்ளைகளின் பற்களைக் காக்க மேற்கொள்ளப்பட்ட தூரநோக்குடைய ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. நிரந்தரப் பற்களைப் பொறுத்தவரை அதன் பயனைப் பன்னிரண்டு வயதினரின் புள்ளிவிபரம் எடுத்துரைக்கின்றது.

ஆனால் அச்சேவையின் பெயரே அதன் எல்லையையும் சொல்லிவிடுகின்றது. அது பாடசாலைச் சேவை. ஐந்து வயது பூர்த்தியாகி முதலாம் தரத்தில் சேரும் போதுதான் பெரும்பாலான பிள்ளைகள் அதன் பார்வைக்குள் வருகின்றனர். அதற்கு முன்னர் பெற்றோர் பிள்ளையை அழைத்துச் சென்றால் அரச வைத்தியசாலையில் சிகிச்சை மறுக்கப்படுவதில்லை. எனினும் அழைத்துவருமாறு எவரும் கேட்பதுமில்லை. முதற் பல் ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கின்றது. இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் இருபது பாற்பற்களும் முளைத்துவிடுகின்றன. அன்றிலிருந்து பாடசாலை வாசலை மிதிக்கும் வரையுள்ள காலமே சூத்தை விரைந்து பரவும் காலமுமாகும். இந்தக் காலத்துக்குப் பொறுப்பானவர் யார் என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தின் அளவுதான் 63 வீதம்.

"விழப்போகும் பல்தானே" என்பது எமது சமூகத்தில் ஆழமாக வேரூன்றியுள்ள எண்ணமாகும். கல்வியறிவு மிக்க பெற்றோரிடமும் இதனைக் காணலாம். இந்த எண்ணம் பல காரணங்களால் தவறானது. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுகின்றன என்பது உண்மையே. ஆனால் பின்னாலுள்ள பாற் கடைவாய்ப்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை நிலைத்திருக்க வேண்டியவை. நான்கு வயதில் அவை சிதைந்துவிட்டால், எஞ்சிய ஆறு, ஏழு ஆண்டுகளுக்குப் பிள்ளை எதைக் கொண்டு மெல்லுவது? பாற்பல் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கும் காவலாளியாகவும் விளங்குகின்றது. உரிய காலத்துக்கு முன் அது பிடுங்கப்பட்டால் அயலிலுள்ள பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன. பின்னர் முளைக்கும் பல் கோணலாகின்றது. பாற்பல்லின் மிளிரி மெல்லியதாகையால் சூத்தை விரைவில் உள்ளே இறங்கி நரம்பை எட்டிவிடும். அப்போது முரசு வீங்குகின்றது, சீழ் கட்டுகின்றது, காய்ச்சல் வருகின்றது. இரவில் உறங்காத, பகலில் உண்ணாத, எடை கூடாத பிள்ளையின் துன்பத்துக்கு ஒரு சிறிய பல் காரணமாக இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதேயில்லை.

இன்னொரு விடயமும் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ ஆறு வயதில், பாற்பற்கள் எதுவும் விழாமலேயே, அவற்றுக்குப் பின்னால் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கின்றது. எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பெற்றோர் அதனையும் பாற்பல் என்றே கருதிவிடுகின்றனர். சூத்தைப்பற்கள் நிறைந்த வாயில் முளைக்கும் அந்தப் புதிய பல்லும் கிருமிகளுக்கு இலகுவாக இரையாகின்றது. அது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல், மறுமுறை முளைக்காது.

தேசிய மட்டத்திலான இந்த இடைவெளி திருகோணமலை மாவட்டத்தில் மேலும் சில காரணங்களால் அகலமாகின்றது. முதலாவது காரணம் மாவட்டத்தின் நில அமைப்பு. பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளையும், 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் மக்களையும் கொண்ட இம்மாவட்டம், துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவையும் சுற்றி வில்லைப்போல் வளைந்து கிடக்கின்றது. வடக்கே புல்மோட்டை நகரிலிருந்து 50 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. தெற்கே வெருகல் அதைவிடவும் தொலைவில் இருக்கின்றது. 2009 ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, நகரிலிருந்து கிண்ணியாவுக்குச் செல்லவே மிதவைப் படகை நம்பியிருக்க வேண்டியிருந்தது. இன்று பாலங்கள் உள்ளன. கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. ஆயினும் ஈச்சிலம்பற்றிலோ கோமரங்கடவலையிலோ வாழும் ஒரு தாய், வலியில்லாத பல்லைக் காட்டுவதற்காக ஒரு நாட் கூலியை இழந்து பஸ் ஏறுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. பல்வைத்தியரிடம் செல்வது வலி தாங்க முடியாமற்போன நாளில்தான் என்ற வழக்கம், மக்களின் அறியாமையால் மட்டும் தோன்றியதல்ல. தூரமும் வறுமையும் அதனை உருவாக்கியுள்ளன.

இரண்டாவது காரணம் போர் விட்டுச்சென்ற பழக்கங்கள். 2006 ஆம் ஆண்டு மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் பல்லாயிரக்கணக்கான மக்கள் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்களுள் பலர் ஏறத்தாழ பத்தாண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காலங்கழித்த பின்னரே தமது காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. முகாம் வாழ்க்கையில் மாவும் சீனியுமே உணவு. அழும் குழந்தையை அமைதிப்படுத்தப் பிஸ்கட்டும் இனிப்பும். அங்கே பல் துலக்குவது யாருக்கும் முதன்மையான கவலையாக இருந்திருக்க முடியாது. அன்று குழந்தைகளாக இருந்தோர் இன்று தாய்மாராகவும் தந்தைமாராகவும் உள்ளனர். தமது பாற்பற்களை எவரும் பரிசோதித்த நினைவில்லாத தலைமுறையினர், தம் பிள்ளைகளின் பாற்பற்களை எங்ஙனம் முக்கியமாகக் கருதுவர்?

மூன்றாவது காரணம் உணவு. நாட்டின் பாணுக்கும் பிஸ்கட்டுக்கும் மாவை வழங்கும் பெரிய ஆலை சீனக்குடாவில் இத்துறைமுகக் கரையிலேயே அமைந்துள்ளது. ஒருகாலத்தில் இதே மாவட்டத்தின் கந்தளாயில் சீனித் தொழிற்சாலை ஒன்றும் இயங்கியது. 1990களில் அது மூடப்பட்டது. உள்ளூர்ச் சீனி நின்றுபோனாலும் சீனியின் பாவனை நின்றுபோகவில்லை. காலையில் சீனி கலந்த தேநீரில் தோய்த்த பிஸ்கட், பாலர் பாடசாலை செல்லும் வழியில் டொபி, மாலையில் பக்கற்றில் அடைத்த பானம், இரவில் சீனி கரைத்த பால்மாப் போத்தல் என்று ஒரு குழந்தையின் நாள் கழிகின்றது. சூத்தையைப் பொறுத்தவரை உண்ணும் சீனியின் அளவோடு, அது ஒரு நாளில் எத்தனை தடவை வாய்க்குள் செல்கின்றது என்பதும் முக்கியமானது. ஒவ்வொரு தடவையும் வாயிலுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லைக் கரைக்கின்றது. உமிழ்நீர் அதனைச் சீர்செய்யச் சிறிது நேரம் தேவை. போத்தலை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் குறைந்துவிடுகின்றது. மேல் முன்பற்கள் நான்கும் கறுத்துக் கரைந்த நிலையில் நாம் அன்றாடம் காணும் குழந்தைகளின் கதை பெரும்பாலும் இதுவேயாகும்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். வடமத்திய மாகாணத்தோடு எல்லை கொண்ட உட்பகுதிகளில், உலர் வலயத்தின் பிற பகுதிகளைப் போலவே, கிணற்று நீரில் புளோரைட் மிகையாக இருக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமை அதற்கான உயர் எல்லையாக வகுத்துள்ளது. அதனை மிஞ்சிய நீரைப் பருகி வளரும் பிள்ளையின் நிரந்தரப் பற்களில் வெண்மையான அல்லது மண்ணிறமான கறைகள் தோன்றும். இதனைக் கண்ட பெற்றோர் சிலர் புளோரைட் என்றாலே தீங்கு எனக் கருதிப் புளோரைட் பற்பசையையும் ஒதுக்கிவிடுகின்றனர். இது தவறான முடிவாகும். நீரோடு விழுங்கப்படும் மிகை புளோரைட் வேறு. பல்லின் மேற்பரப்பில் சிறிதளவு படும் புளோரைட் வேறு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணிக் கடலை அளவும் பற்பசை போதுமானது. துலக்கியபின் துப்பப் பழக்குவதும், குடிநீர்க் கிணறுகளைப் பரிசோதிப்பதும் ஒன்றோடொன்று இணைந்து செல்ல வேண்டியவை.

இந்நிலையில் என்ன செய்வது? புதிய கட்டடங்களும் பெருந்தொகை நிதியும் இன்றி எதுவும் செய்ய முடியாது என்ற வாதம் முன்வைக்கப்படலாம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் போது மருந்துப் பொருட்களுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டையும், வைத்தியர்கள் நாட்டை விட்டு வெளியேறியதையும் எண்ணிப்பார்க்கையில் இவ்வாதத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இங்கு தேவைப்படுவது புதிய கட்டமைப்பு அல்ல; இருக்கின்ற கட்டமைப்பின் கண்களைக் குழந்தையின் வாயின்பால் திருப்புவதேயாகும்.

இந்நாட்டில் கர்ப்பிணித் தாய்மார் பற்பரிசோதனைக்கு அனுப்பப்படுகின்றனர். பிறக்கப்போகும் குழந்தையின் நலன் கருதியே அந்த ஏற்பாடு செய்யப்பட்டது. குழந்தை பிறந்த பின்னர் இரண்டு, நான்கு, ஆறு மாதங்களிலும், ஒன்பதாம் மாதத்திலும், ஒரு வயதிலும், பதினெட்டாம் மாதத்திலும், மூன்று வயதிலும் தடுப்பூசிக்காகத் தாய் அதனைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவருகிறாள். போர்க்காலத்திலும் இச்சங்கிலி பெருமளவுக்கு அறுபடாமல் காக்கப்பட்டது. ஆக, முதற் பல் முளைத்த நாளிலிருந்து மூன்று வயது வரை, அரசாங்கத்தின் பணியாளர் ஒருவர் ஒவ்வொரு குழந்தையையும் குறைந்தது நான்கு தடவையாவது நேரிற் சந்திக்கிறார். எடை பார்க்கப்படுகின்றது; பதிவேட்டில் வளர்ச்சிக்கோடு வரையப்படுகின்றது. அதே வேளையில் மேலுதட்டை உயர்த்தி முன்பற்களின் முரசோரத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும். அங்கு சுண்ணாம்பு பூசியதுபோன்ற வெண்ணிறக் கோடு தென்பட்டால், அது சூத்தையின் முதற்படி. அந்நிலையில் துலக்குதலாலும் புளோரைட் பூச்சாலும் அதனைத் தடுத்து நிறுத்திவிட முடியும். அக்கோடு குழியாக மாறிய பின்னரே பல்வைத்தியரின் நேரமும் மருந்தும் அரசின் பணமும் பிள்ளையின் கண்ணீரும் செலவாகின்றன. குடும்பநல உத்தியோகத்தர்களின் பணிச்சுமை பாரியது என்பது உண்மையே. ஆகையால் அவர்களைக் குறைகூறாமல், உரிய பயிற்சியையும் பதிவேட்டில் பல்லுக்கு முதன்மையான இடத்தையும் வழங்குவதே முறையாகும்.

இரண்டாவது களம் பாலர் பாடசாலை. ஸ்கொட்லாந்தில் இது நிரூபிக்கப்பட்டுள்ளது. அங்கு பாலர் நிலையங்களில் ஆசிரியரின் மேற்பார்வையில் நாள்தோறும் புளோரைட் பற்பசையால் பல் துலக்கும் திட்டம் நாடு தழுவிய முறையில் நடைமுறைப்படுத்தப்பட்டது. 2003 ஆம் ஆண்டில், பாடசாலையில் முதன்முதலாகச் சேர்ந்த பிள்ளைகளுள் வெளிப்படையான சூத்தை இல்லாதோர் 45 வீதமாக இருந்தனர். 2020 ஆம் ஆண்டில் அவர்கள் ஏறத்தாழ 74 வீதமாகினர். எமது நாட்டில் இரண்டு வீதம் அசைவதற்கு எடுத்த காலத்தைவிடச் சற்றே நீண்ட காலத்தில் அங்கு இத்தகைய மாற்றம் நிகழ்ந்துள்ளது. அதற்குத் தேவைப்பட்டவை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பற்தூரிகை, சிறிதளவு பற்பசை, நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் ஆகியனவே. கிழக்கு மாகாணத்தில் பாலர் பாடசாலைகளை மேற்பார்வை செய்யத் தனியான பணியகம் உள்ளது. கிராமந்தோறும் பாலர் பாடசாலை ஆசிரியைகள் மிகச் சொற்பமான கொடுப்பனவுடன் பணியாற்றுகின்றனர். அவர்கள் மீது இன்னொரு பொறுப்பைச் சுமத்துவதாயின் அதற்குரிய ஊக்குவிப்பும் வழங்கப்படுதல் வேண்டும்.

மூன்றாவது களம் சிகிச்சை. 2021 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புளோரைட் பற்பசையையும் 'சில்வர் டயமைன் புளோரைட்' எனப்படும் திரவத்தையும் சேர்த்துக்கொண்டது. பின்னையதைச் சூத்தைக் குழியில் தூரிகையால் தொட்டுப் பூசினால், துளைக்கும் இயந்திரமோ ஊசியோ இன்றிச் சூத்தை பரவுவதைப் பல வேளைகளில் நிறுத்திவிடலாம். பூசிய இடம் கறுத்துப்போவது இதன் குறைபாடாகும். பெற்றோருக்கு அதனை முன்கூட்டியே விளக்கிக் கூறி அவர்களின் சம்மதம் பெற வேண்டும். மின்சாரமும் சாய்கதிரையும் இல்லாத கிராமியச் சிகிச்சை நிலையத்திலும் செய்யக்கூடியதாகையால், வெருகல், குச்சவெளி போன்ற பிரதேசங்களுக்கு இது மிகப் பொருத்தமானது. அத்துடன் அங்கு செல்லும் பணியாளர் தாயின் மொழியில் பேசக்கூடியவராக இருத்தலும் அவசியம். பல மதத்தினரும் இரு மொழியினரும் கலந்து வாழும் இம்மாவட்டத்தில் சுகாதார அறிவுரை மொழிபெயர்ப்பில் தேய்ந்துபோக இடமளிக்கலாகாது.

இவற்றைத் தீர்மானிக்க வேண்டியது யார் என்ற வினா இங்கு அரசியலாகின்றது. மாவட்டத்தின் வைத்தியசாலைகளுள் பலவும், பாலர் பாடசாலைகளும் மாகாண நிர்வாகத்தின் கீழ் வருவன. அந்த மாகாணத்தின் தலைமையகமும் திருகோணமலை நகரிலேயே உள்ளது. ஆனால் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 ஆம் ஆண்டு செப்டெம்பரில் முடிவடைந்தபின் தேர்தல் நடத்தப்படாமலேயே ஆண்டுகள் உருண்டோடியுள்ளன. தெரிவு செய்யப்பட்ட பிரதிநிதிகள் இல்லாத சபையில் பாற்பல்லுக்காகக் குரல் எழுப்புவோரும் இல்லை. வாக்குரிமை அற்ற நான்கு வயதுக் குழந்தையின் பல்வலி எந்த மேடையிலும் ஒலிப்பதில்லை.

அரசாங்கம் தன் பங்கைச் செய்யும் வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தைக்கு முதற் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்து, உற்றாரை அழைத்துக் கொண்டாடும் அழகிய வழக்கம் எமது இல்லங்களில் இன்றும் உண்டு. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்று சொல்லி வந்த சமூகமும் இதுவே. பல்லின் வருகையைக் கொண்டாடும் நாம், அதன் வாழ்வைக் கவனியாது விடுவது முரண்பாடாகும். கொழுக்கட்டை அவித்த வாரத்திலேயே குழந்தையின் பல்லைத் துலக்கத் தொடங்குவதும், ஒரு வயது நிறைவதற்குள் ஒரு தடவையேனும் பல்வைத்தியரிடமோ பற்சிகிச்சையாளரிடமோ காட்டுவதும் அந்த வழக்கத்தின் பகுதியாக வேண்டும். வலி இல்லாத நாளில் முதன்முறை செல்லும் குழந்தை பயப்படுவதில்லை. வலியோடு செல்லும் குழந்தையோ அந்தக் கதிரையை வாழ்நாள் முழுவதும் வெறுக்கக் கற்றுக்கொள்கின்றது. "அடம்பிடித்தால் டொக்டரிடம் ஊசி போடச் சொல்லுவேன்" என்று அச்சுறுத்தும் பெற்றோர் அந்த வெறுப்புக்குத் தாமே வித்திடுகின்றனர்.

இரவு உறங்குமுன் துலக்கிய வாய்க்குள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் செல்லலாகாது. ஏழெட்டு வயது வரை பிள்ளை தானாகத் துலக்கினாலும் பெரியவர் ஒருவர் மறுபடி துலக்கிவிட வேண்டும். போத்தலை ஒரு வயதளவில் கைவிட்டுக் கோப்பைக்குப் பழக்க வேண்டும். பேரப்பிள்ளைக்கு அன்போடு டொபி வாங்கிவரும் அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும், கொய்யாவோ கச்சானோ கொண்டுவரலாம் என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். நன்கு மெல்லத் தெரியாத சின்னஞ்சிறு பிள்ளைக்குக் கச்சான் புரையேறும் ஆபத்துடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இனிப்புப் பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு 2016 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டது பெற்றோரின் வழிகாட்டலுக்காகவே. அதனைப் பார்த்து வாங்கும் பழக்கம் இன்னும் பரவ வேண்டியுள்ளது.

உலகெங்கும் 50 கோடிக்கும் மேற்பட்ட சிறுவர்கள் பாற்பற் சூத்தையால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் 2022 ஆம் ஆண்டு அறிவித்தது. இது உலகப் பிரச்சினை என்று சொல்லி நாம் ஆறுதல் அடைந்துவிட முடியாது. போலியோவும் உலகப் பிரச்சினையாகவே இருந்தது. குக்கிராமங்கள் வரை சென்று அதனை இந்நாட்டிலிருந்து துடைத்தெறிந்தவர்கள் எமது சுகாதாரப் பணியாளர்களே. அதே பணியாளர்கள், அதே நிலையங்கள், அதே தாய்மார் இன்றும் உள்ளனர். குழந்தையின் மேலுதட்டை உயர்த்திப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தை யாருடைய கடமையென எழுதுவது என்பதே எஞ்சியுள்ளது. அதனை எழுத வேண்டிய பேனா பிராந்திய, மாகாண சுகாதாரப் பணிமனைகளின் மேசைகளிலேயே இருக்கின்றது.